தவறியது

தோற்றது வேறு, தவறியது வேறு.
தோற்றிருந்தால் ஓர் எண்ணை விட்டுப் போயிருக்கும்:
வட்டு நிரம்பிவிட்டது, கடவுச்சொல் காலாவதி
என்று ஏதாவது ஒரு முனகல்.
தவறியது எதையும் விட்டுப் போகாது.
இரவு இரண்டுக்கு வரவேண்டியது
வரவில்லை.
அவ்வளவுதான் பதிவேட்டில்.

பிறையில் கொள்கலன் அனுப்பும் கம்பெனி.
பதினோரு கணினிகளில் பத்து
ராத்திரி ராத்திரி ஒழுங்காக நகல் தருகின்றன.
ஏழாம் எண், கணக்குப் பிரிவு,
மூன்று மாதத்தில் தந்தது பதினாறே பதினாறு.
மேனேஜர் இயோ அந்தப் பதினாறைச் சிவப்பில் வட்டமிட்டு
சுங்கத்துறைக்காரன் தணிக்கைக்கு வருகிறான் என்றார்.

ஏழின் முன்னால் உட்காருபவர் புஷ்பலீலா.
"என்ன ஆச்சு தம்பி இதுக்கு?"
"தவறிடுச்சுக்கா."
"ஐயோ, எப்போ?"
கை நெஞ்சுக்குப் போய்விட்டது.
பிறகு இருவரும் சிரித்தோம்.
அவர் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திவிட்டார்.

கேபிளைப் பிடுங்கிச் செருகினேன்.
சேவை ஓடுகிறது. ஃபயர்வால் வழி விடுகிறது.
பிங் அனுப்பினால் கூப்பிட்ட குரலுக்குப் பதில்.
கடிகாரம் சர்வரோடு நொடி பிசகவில்லை.
(எண்பத்தொன்றின் கடைசி ராத்திரி
பதினொன்றரைக்கே பன்னிரண்டான நாடு இது.
அந்த அரைமணிக்கு எங்கும் நகல் கிடையாது.
யாரும் புகார் எழுதியதாகவும் தெரியவில்லை.)

பகலில் நோய் காட்டாத நோயாளி.
சரி, ராத்திரி பார்ப்போம் என்று தங்கினேன்.
பிறை என்று பெயர், நிலா இல்லை.
தகரக் கூரையில் மழை; காவலுக்கு இருந்த தில் பகதூர்
ஆறிப்போன தே ஓ-வை மறுபடி சூடாக்கித் தந்தார்.
ஒன்று ஐம்பத்தெட்டு.
பத்துப் பெட்டிகளில் விளக்கு மினுக்குகிறது.
ஏழு
இருட்டாக இருக்கிறது.
சர்வர் கூப்பிட்டது. மறுபடி கூப்பிட்டது.
ஒரு மணி நேரம் பொறுத்தது.
தவறியது என்று எழுதிவிட்டு
எட்டாம் எண்ணிடம் போனது.
கோபம்கூட இல்லை அதற்கு.

பேன்ட்ரி சுவரில் இயோவே ஒட்டிய தாள்:
மின்சாரம் சேமியுங்கள், போகும்முன் அணையுங்கள்,
மூன்று மொழியில்.
பத்துப் பேர் அதன்மேல் கோப்பிக் கறை விட்டிருக்கிறார்கள்.
ஒருவர் மட்டும் படித்திருக்கிறார்.
கோப்புகளை ஒவ்வொன்றாய் மூடி
இயந்திரத்தைத் தூங்க வைத்து
நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுத்தான்
பஸ்ஸுக்கு நடப்பாராம்.

அப்படியானால் அந்தப் பதினாறு?

திறந்தேன், வேலை என்பதால்.
மார்ச் நாலு, ஐந்து, ஆறு.
நடுவில் ஒரு புதன். ஏப்ரலில் ஒரு வாரம் முழுக்க.
எல்லாம் மூடாத கோப்புகள்.
ஒரு ரசீதில் தொகை
நாலாயிரத்து முந்நூற்று என்று நிற்கிறது,
மாலை மூன்று நாற்பதுக்கு.
அன்றெல்லாம் அவர் எதையும் அணைக்கவில்லை.
எழுந்து ஓடியிருக்கிறார்.

மேசைக் கண்ணாடிக்கு அடியில்
செபராங் ஜெயா ஆஸ்பத்திரியின் நீல அட்டை.
வயது ஒன்பது என்று இருந்தது.
தேதிகளை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை,
கண் தானே பார்த்துவிட்டது.

ஆக, கம்பெனி பத்திரமாக வைத்திருப்பது
அவருடைய கெட்ட நாட்களை மட்டும்.
நல்ல நாட்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

காலையில் அறிக்கை எழுதினேன்.
காரணம்: மின்சேமிப்பு அமைப்பு.
யாருடைய தவறு என்று இயோ கேட்டார்.
தாள் ஒட்டியவர் தவறு என்று சொல்ல வாய் வந்தது.
இயந்திரம் தூங்கிவிட்டது பாஸ் என்றேன்.
இரண்டுக்கு ஐந்து நிமிடம் முன்னால்
அதைத் தட்டி எழுப்ப ஒரு கட்டளை;
நகல் முடிந்ததும் மறுபடி தூங்கலாம்.

இப்போது பதினொன்றும் பச்சை.
போன வாரம் தொலைவிலிருந்தே எட்டிப் பார்த்தேன்:
திங்கள் பச்சை, செவ்வாய் பச்சை,
புதனும் பச்சைதான்.

புதன்கிழமை அவர் நாற்காலியை
உள்ளே தள்ளிவிட்டுப் போனாரா என்று
அதில் தெரியவில்லை.