தட்டு எண் பதினேழு

பேட்டையில் மீராசா முலாம் கடையின்
பின்சுவரில் ஒரு குழாய்.
சைக்கிள் மணி, புல்லட் சைலன்சர், கோயில் வேல்
எல்லாம் பளபளத்த பிறகு
மிச்சத்தை அது துப்புகிறது.
அங்கே மண் நார்த்தங்காய் ஊறுகாய் நிறம்.

"மழைக்குப் பொறவு வந்தியள்னா இன்னும் மஞ்சளா இருக்கும் டீச்சர்."
டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்த பையனின்
விரல்முட்டியில் பட்டாணி அளவு குழி.
குரோமியம் தோண்டியது.
வலிக்குதா என்றேன்.
அரிக்கத்தான் செய்யும் என்றான்.

ஒரு கரண்டி மண்ணோடு
அபிஷேகப்பட்டி பஸ் ஏறினேன்.
ஒரு ஜில்லா ஜனத்தொகைக்கு மேல்
மடியில் இருந்தது.
கண்டக்டர் எனக்கு மட்டும் சீட்டு கிழித்தார்.

இருபது தட்டுகளில் விதைத்தேன், குரோமியம் கலந்து.
இரண்டு நாள் ஊரடங்கு.
மூன்றாம் நாள் பதினேழாவதில்
ஒன்பது புள்ளிகள்.
செத்தவை எத்தனை என்று தட்டு சொல்லாது,
முளைத்ததைத்தான் எண்ண முடியும்.

சில, உள்ளே வந்ததை வந்த வேகத்தில் வெளியே இறைக்கின்றன,
அந்த மார்கழி வெள்ளத்தில்
சிந்துபூந்துறைக்காரர்கள் ராத்திரி முழுக்க
வாளியும் கையுமாய் நின்றது போல.
ஒன்று மட்டும் மஞ்சளை விழுங்கி
மங்கிய பச்சையாய் அடியில் படியவிடுகிறது.
விஷம் பாதி அடங்கிவிடுகிறது.
நல்ல மனசு என்று சொல்லிவிட வேண்டாம்,
பிழைப்பு அது.

பிழைக்கும் வழி எழுதிய சிறு வளையம் ஒன்றை
பக்கத்தில் இருப்பதைத் தொட்டுக் கொடுக்கின்றன.
எந்த இனம், எந்தத் தெரு என்று கேட்பதில்லை.
இந்த ஊரில் இருந்துகொண்டு.

பிறகு, சும்மா பார்க்கலாமே என்று
ஆறு மருந்து வில்லைகளை நடுவில் வைத்தேன்.
வில்லையைச் சுற்றி ஒரு காலி வட்டம் விழ வேண்டும்.
நான்கில் விழவில்லை.
ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காத மண்,
ஊசிக்கு அசையவில்லை.
உலோகத்துக்குக் கற்ற வளையத்திலேயே
அதுவும் எழுதியிருந்ததோ என்னவோ.

வியாழக்கிழமை போன் வந்தது.
கை வீங்கி ஹைகிரவுண்டில் கிடக்கிறானாம்.
"மூணாவது ஊசி மாத்திட்டாவ டீச்சர்,
ஒண்ணும் கேக்க மாட்டேங்கு."

இரண்டுக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை.
அப்படித்தான் எழுதினேன். உண்மையும் அதுதான்.

மற்றத் தட்டுகளை வேகவைத்துக் கொட்டினேன்.
ஒரு குப்பியை மட்டும் உறைபெட்டிக்குள் வைக்கையில்
சீட்டில் பெயர் எழுத வேண்டியிருந்தது:
பேட்டை 17.

என் போனில் அவன்
பேட்டை பையன்.