மூணாறு தலைப்பு, ராத்திரி இரண்டு நாற்பது

போர்ட்டைத் தமிழில் துறை என்று எழுதினேன்.
"நாமளே ஒரு துறைதானம்மா, குழப்பாதீங்க"
அடித்துவிட்டார் உதவிப் பொறியாளர்.
போர்ட்டாகவே இருக்கட்டும்.
ஏழாயிரத்து ஒன்று.

நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற இடத்தில்
கம்பத்தில் கட்டிய கருவி
ஆற்றுக்கொரு வரியாய் அரை நிமிடத்துக்கொரு தரம் அனுப்புகிறது:
நேரம், பெயர், மில்லிமீட்டர்.
திருவாரூர் ஒன்பதாயிரத்தில் மட்டுமே காது கொடுக்கும்,
அதுவும் அடிக்கணக்கில் சொன்னால்தான்.
இடையில் நான்.
நான் என்றால் பதினோரு வரி ஷெல்.

நெட்கேட் வாங்கும். ஆக் அடியாக்கும்.
டீ, குடிக்கிற டீ இல்லை,
ஒரு கிளையைக் கோப்புக்குத் திருப்பிவிட்டு
மிச்சத்தை ஒன்பதாயிரத்துக்கு விடும்.
அரைகுறை வரிகளுக்கு வடிகால் உண்டு,
அது சேரக் கடல்தான் இல்லை.
ஒரு தொடர்பு அறுந்தால் நெட்கேட் படுத்துவிடும்;
எழுப்ப, சுற்றி ஒரு வளையம்:
உண்மை உள்ளவரை செய்.

ஐப்பசி மழை. போன்.
லஸ்கர் வைரக்கண்ணு.
"கோரையாறு ஒங்க பெட்டியில எத்தன?"
மூணே முக்கால்.
"கல்லுல நாலர. டார்ச் அடிச்சுப் பாத்துட்டுத்தான் பேசுறேன்."

கருவியைத் திட்டினேன். சிம் கார்டைத் திட்டினேன்.
ஏழாயிரத்து ஒன்றில் எட்டிப் பார்த்தால்
நாலரைதான் வந்துகொண்டிருக்கிறது.
ஒன்பதாயிரத்தில் மூணே முக்கால்.
நடுவில் ஆக்,
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட் சேரட்டும் என்று
மடியில் முடிந்து வைத்திருக்கிறது.
திருவாரூர் இவ்வளவு நேரம்
இருபத்தைந்து நிமிடத்துக்கு முந்தைய ஆற்றைப்
பார்த்துக்கொண்டிருந்தது.

நெட்கேட்டை நிறுத்தினேன்.
போகிற போக்கில் ஆக் மடியை உதறியது.
நூற்றுச் சொச்சம் வரி ஒரே மூச்சில்,
மூணே முக்கால், நாலு, நாலேகால், நாலரை,
திரை ஏறி ஓடியது.

ஒரே ஒரு சொல் சேர்த்தேன்,
வந்ததை வந்தவுடன் தள்ளிவிடு என்கிற சொல்.
மறுபடி ஓட்டினேன்.

"இப்ப எத்தன?"
நாலரைக்கு மேல ஒரு அங்குலம்.
கொஞ்சம் பொறுத்து, மழைக்குள்ளிருந்து,
"ம்."
சங்கிலி உருளும் சத்தம். ஷட்டர் ஏறுகிறது.
எத்தனை திறப்பது என்று
என்னை அவர் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டாம்.

மூடுமுன் பன்னிரண்டாவது வரி ஒன்று எழுதினேன்.
முதலில் ஒரு வேலிக்குறி, பிறகு
வைரக்கண்ணு கல்லைப் பார்த்துச் சொன்னது, 2.40.
வேலிக்குறி போட்ட வரியை
ஷெல் படிக்காது.