நூர்த்தல்

ஜனவரி. ரெஜைனாவில் இரண்டு பத்து.
ஓஷவாவில் மூன்று பத்து.
அறைக்கதவைச் சாத்திவிட்டு
ஹெட்போனுக்குள் உட்கார்ந்திருக்கிறேன்.
நிமிடக் கூலி.
ஆஸ்பத்திரி வரும், வங்கி வரும், சிறைச்சாலையும் வரும்.
இன்று தீயணைப்பு நிலையம்.

விதி ஒன்றுதான்:
அவள் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’.
ஆகவே
கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு
என் சமையலறையில் தீ என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.
நாலு மணிக்கு வேலை முடிந்து வரும் என் கணவருக்கு
மோர்மிளகாய் பொரித்தேன் என்றேன்.
எனக்கு இரண்டு பிள்ளைகள், சின்னதுக்கு மூன்று வயது,
என் பெயர் தவமலர் என்றேன்.

இன்னும் எரிகிறதா, கேளுங்கள்.
கேட்டேன்.
“நூத்திட்டன்.”

நான் காரைக்குடிப் பக்கம்.
நூத்தியெட்டு தெரியும். நூல் நூற்பது தெரியும்.
எரிகிற வீட்டில் நின்று இவள் எதை நூற்றாள்?
இரண்டு விநாடி.
இணைப்பில் மூன்று பேர் மூச்சு,
அப்பால் ஒரு குழந்தையின் இருமல்.
முப்பத்தொன்பது வருஷம் பேசிய மொழியில்
இருட்டில் ஒரு படி இல்லை.

மொழிபெயர்ப்பாளர் விளக்கம் கேட்கிறார் என்றேன்
என்னையே யாரோ போல.

“நூத்திட்டன் அண்ணை, மூடி போட்டு.
நெருப்பு நூந்திட்டுது.
ஆனா சுவருக்குள்ள படபடெண்டு சத்தம் கேக்குது.”

அணைத்திருக்கிறாள்.
நாங்கள் நெருப்பையும் அணைப்போம், பிள்ளையையும் அணைப்போம்.
அவள் அணைப்பது பிள்ளையை மட்டும் போலிருக்கிறது.

சுவர் என்றதும் அந்தப் பெண்ணின் குரல் மாறியது.
புகைக்கூண்டுக் குழாய், மரச்சட்டம், உள்ளே ஏறிவிட்டது,
வெளியே, உடனே, எல்லாரும், செருப்புத் தேட வேண்டாம்.
சொன்னேன்.
கதவுச் சத்தம். காற்று. பிள்ளைகளைக் காருக்குள் ஏற்றும் சத்தம்.
பிறகு அவள்:
“பேப்பர் எல்லாம் போட்ட ஃபைல் உள்ள கிடக்கு,
ஓடிப்போய் எடுத்திட்டு வாறன்.”

திரும்பிப் போகக் கூடாது என்றது ஆங்கிலம்.
அதற்கு ஒரே ஒரு ‘யூ’.
அதுவரை வாங்க, சொல்லுங்க என்றிருந்த நான்
“போகாதே!” என்று கத்திவிட்டேன்.
நின்றாளா, தெரியாது.
சைரன் கேட்டது.
நன்றி மொழிபெயர்ப்பாளரே என்றார்கள்.
பதினோரு நிமிடம் நாற்பது விநாடி என்று காட்டியது திரை.

முடிவை எங்களுக்குச் சொல்வதில்லை.

எழுந்து நடைபாதைக்குப் போனேன்.
படிக்கட்டுக் கதவின் மேல்
போன வருஷம் மாட்டிய பச்சைப் பலகை:
ஓடுகிற மனிதன்.
ஒரு எழுத்து இல்லை அதில்.
இரவெல்லாம் ஓடுகிறான், எந்த ஊர்க்காரன் என்று யாரும் கேட்பதில்லை.
அவன் ஓடும் வழியில்
நானூற்று இரண்டுக்காரரின் சைக்கிளும்
பிய்ந்த மெத்தை ஒன்றும் சாய்ந்து கிடந்தன.
சைக்கிளை நகர்த்த முடிந்தது.
மெத்தையைப் பாதி.

திரும்பி உட்கார்ந்ததும் மணி.
வங்கி. யாரோ ஒரு பெரியவர், நிதானமான குரல்.
நான் என் கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்
என்றேன்.