இலக்கத்தகடு இல்லாதது

கல்முனை புகைப் பரிசோதனை நிலையத்தில்
என் வேலை இவ்வளவுதான்:
நீளக் குழாயை வண்டியின் பின்வாய்க்குள் செருகி
"மிதிங்க" என்பேன்.
மிதிப்பார்கள்.
கணினி ஓர் எண் சொல்லும்.
எண் கூடினால் வண்டி தோல்வி.

ஆதம்பாவா காக்காவின் லொறி
இன்றைக்கும் தோற்றது, மூன்றாவது தடவை.
சம்மாந்துறை ஆலைக்கு நெல் ஏற்றுகிற லொறி,
என்னைவிட இரண்டு வயது மூத்தது.
மிதித்ததும் கறுப்பு எழும்பிக் கூரைத் தகரத்தில் முட்டி
சுவர் நாட்காட்டியில்
டிசம்பரைத் தடவிவிட்டு இறங்கியது.

"ஹிதாயா தங்கச்சி,
ஆலைக் குழாய்க்குள்ளயும் உங்கட கம்பிய ஒருக்கா விடுங்களன்.
இரவிரவா உமி எரியுது.
அதுக்கு ஆர் சேட்டிபிகேட் குடுக்கிற?"

நான் பேசவில்லை.
தோல்வி என்று முத்திரை குத்தினேன்.
அவர் சொன்னது சரி என்பதால்
கொஞ்சம் அழுத்திக் குத்தினேன்.

ஜூலையில் கச்சான் அடிக்கும்போது
அந்த உமிக்கரி வயல்களைத் தாண்டி வந்து
கொடியில் காயும் மகனின் பள்ளிச்சட்டையில்
எள்ளெள்ளாய் உட்காரும்.
தட்டினால் போகாது. தேய்த்தால் நீளும்.
மிச்சம் கடலுக்கு.
போய்த் தொலையட்டும் என்றுதான் நானும் சட்டையை உதறினேன்.
கடலுக்கு அப்பாலும் கொடி கட்டி
யாரோ உடுப்புக் காயப்போடுவார்கள் என்பது
அந்த நேரம் தோன்றவில்லை.

இப்போது வாடை.
விடிந்ததிலிருந்து கடற்கரைப் பள்ளி மினாராவைக் காணவில்லை.
பனி என்றார்கள்.
பனியென்றால் வெயிலேறக் கலைய வேண்டும்,
பத்து மணிக்கும் அது அப்படியே நின்றது.
வெளியே போகாதீர்கள் என்றது வானொலி.
எந்த ஊர் வைக்கோல், எவர் அடுப்பு நிலக்கரி,
எத்தனை ஆதம்பாவாக்களின் லொறி,
எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகி
இலக்கத்தகடு இல்லாமல்
கடல்வழியே ஊருக்குள் வந்துவிட்டது.
எங்கே செருக என் குழாயை?

வீட்டில் காஸ் முடிந்து நாலு நாள்.
விறகடுப்பை ஊதி அணைத்துவிட்டு
கதவிடுக்கில் ஈரத் துவாய் திணித்தேன்.
மூன்றாம் தரம் படிக்கிற மகன்
தோள் இரண்டும் ஏறி இறங்க
கட்டிலில் குந்தியிருந்தான்.
பம்பைக் குலுக்கி வாயில் வைத்தேன்.

"இழுங்க மகன்."

இழுத்தான்.
பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடிக்க வேண்டும்.
விரல்விட்டு எண்ணினேன்.
ஐந்து.
ஆறு.

ஏழில் இருமிவிட்டான்.