வெறும் ஓட்டம்

மார்க்கம் வீதியும் லோறன்ஸும் சந்திக்கிற பிளாசாவில்
நகைக்கடைக்குக் கீழே, நிலவறையில்,
தர்மினியின் அலுவலகம்.
வரி கட்ட இன்னும் மூன்று நாள்.
மரக்கறிக் கடைப் பையில் ஒரு வருடத்து ரசீதுகளைக் கொட்டினேன்.
பெற்றோல் துண்டுகளில் பாதி
எழுத்து மங்கி வெள்ளையாகிவிட்டிருந்தன.

"முதல் வருமானம்" என்றாள்.
போனைத் திருப்பிக் காட்டினேன்: 31,840 டாலர்.
செயலி அதைத் தடித்த எழுத்தில்தான் போடும்,
ஞாயிறு இரவுகளில் வாழ்த்தும் சொல்லும்.
மச்சானுக்கும் இந்த எண்ணைத்தான் சொல்லியிருந்தேன்.
மறு கிழமையே கடன் கேட்டு எடுத்தான்.

பெற்றோல் 7,210.
காப்புறுதி 4,380.
பிரேக், டயர், எண்ணெய் மாற்றியது 2,915.
போனுக்கு 840.
கார் தேய்ந்த தேய்வுக்கு 3,600.
யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும்.
என்னுடைய கொரோலா இரண்டு சாதியும்:
ஓடினாலும் தின்னும்,
பனிக்குள் புதைந்து கிடந்தாலும் தின்னும்.

"கிலோமீட்டர் கொப்பி?"
இருந்தது. ஒவ்வோர் இரவும் சுகந்தினி
மீற்றரைப் பார்த்து எழுதி வைத்தது.
"வேலைக்கு ஓடினது எவ்வளவு, வெறும் ஓட்டம் எவ்வளவு?"

வெறும் ஓட்டம்.
ஏஜாக்ஸில் ஒரு பீட்சாவைக் கொடுத்துவிட்டு
வெறும் பையோடு 401இல் திரும்பிய பத்தொன்பது கிலோமீட்டர்.
கோழிக்கடை வாசலில் "இன்னும் அஞ்சு நிமிசம்" என்ற
அந்த நாற்பது நிமிடம் ஓட்டமே இல்லை, நிற்றல்;
நின்றதற்குக் கொப்பியில் பத்தி இல்லை.
லிஃப்ட் பழுதான கட்டடத்தில் பதினேழு மாடி:
மேலே போனது கிலோமீட்டரில் வராது.
கதவு திறக்காத வீட்டுக்குக் கொண்டுபோன சூப்பை
காருக்குள் இருந்தே குடித்தேன்.
அதுவும் வருமானமா, தங்கச்சி?
"அதை எனக்குச் சொல்லாதேங்கோ அண்ணை."

ஐம்பத்திரண்டாயிரத்தில் இருபத்துமூவாயிரம் வெறும் ஓட்டம்.
பூமியில் பாதிச் சுற்றுக்கு மேல்,
பசித்த யாருக்காகவும் இல்லாமல்.

அப்போது படியில் காலடி.
சிவப்புப் பையோடு ஜஸ்கரன்.
எல்ஸ்மியர் கோழிக்கடை வாசலில்
எத்தனையோ இரவு ஒன்றாக நின்று கை தேய்த்தவன்.
தர்மினிக்குக் கொத்துரொட்டி.
கடை இதே பிளாசாதான், நாலு கதவு தள்ளி.
"சீசன் அண்ணை, எழும்ப நேரமில்லை."
எங்கிருந்து வந்தாய் என்று கேட்டேன்.
"மோர்னிங்சைட். ஆறு கிலோமீட்டர்."
மேசையில் கிடந்த ரசீதுகளைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
ஏதோ கேட்க வாயெடுத்துவிட்டுப்
படியேறிப் போய்விட்டான்.

தர்மினி பொதியைப் பிரிக்கவில்லை.
கடைசி வரிக்கு வந்தாள்.
12,895.

மணித்தியாலத்தால் வகுத்துப் பார்க்க ஆசையாக இருந்தது.
எந்த மணித்தியாலத்தால்?
செயலியின் கணக்கில் 1,310.
சாப்பாடு கையில் இருந்தால்தான் அதற்கு நேரம் ஓடும்.
சுகந்தினியின் கொப்பியில் 2,080.
கதவைப் பூட்டி இறங்கினதிலிருந்து
கதவைத் திறந்து ஏறினது வரைக்கும்.
படிவத்தில் மணித்தியாலத்துக்குப் பெட்டியே கிடையாது.
ரசீது ஒன்றின் பின்புறத்தில், பென்சிலால்:
ஆறு டாலர் இருபது சதம்.

அவளுடைய கட்டணம் எண்பது.
பதின்மூன்று மணித்தியாலம் என்று
மனம் தன்பாட்டில் மாற்றிக்கொண்டது.

வீட்டில் வகுத்ததைச் சொல்லவில்லை.
சுகந்தினி வழக்கம்போலக் கொப்பியை விரித்து,
இன்றைக்கு ஓடிய எட்டுக் கிலோமீட்டரை
எந்தப் பத்தியில் போடுவது என்று கேட்டாள்.
பென்சில் முனை
இரண்டு பத்திக்கும் நடுக்கோட்டில் நின்றது.