மழைவிட்ட செவ்வாய்க்கிழமை

நான்கு நாளாய்ப் பூட்டிக் கிடந்த தாவரவியல் பூங்காவை
இன்று காலை ஆறேகாலுக்குத் திறந்தார்கள்.
டிக்கெட் கொடுப்பவரின் சில்லறையெல்லாம் ஈரம்.
ஒட்டிக்கொண்ட இரண்டு பத்து ரூபாய்த் தாள்களை
ஊதிப் பிரித்து ஒன்றை நீட்டினார்.

புயல் சின்னம் கரைக்கு வராமலே
ஆந்திரா பக்கம் போய்விட்டதாம்.
"நம்ம ஊரு பிடிக்கல போல,"
என்கிறார் எனக்கு முன்னால் நடக்கும் அம்மாள்,
கொஞ்சம் மனத்தாங்கலோடு.

துலூசிலிருந்து அக்கா படம் அனுப்பியிருக்கிறாள்.
தெரு முழுக்க மஞ்சள்,
அவள் பூட்ஸ் மட்டும் கறுப்பு.
'இங்கே இலையுதிர்காலம். அங்கே?'

இங்கே ஐப்பசி இருபத்திமூன்று.
இலைகள் உதிர முறை என்று எதுவும் கிடையாது,
காற்று கேட்டால் கொடுக்கும்.
தூங்குமூஞ்சி மரத்துக்கு இன்னும் விடியவில்லை;
வானம் மூடினால் அதற்கு இரவுதான்.
நடைபாதையைக் கடக்கிறது ஒரு மரவட்டை
ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியே யோசித்து.
பொம்மை ரயில் ஓடவில்லை.
தண்டவாளத்தின் நடுவே தேங்கிய நீரில்
ஒரு மடையான் நின்றபடி நிற்கிறது,
டிக்கெட் எடுத்துவிட்டு ஏமாந்த பயணி மாதிரி.

இறகுப்பந்து ஆட்கள் வந்துவிட்டார்கள்.
அவர்கள் மைதானத்தில் கணுக்கால் அளவு தண்ணீர்.
வறண்ட நீரூற்றின் சிமென்ட் வட்டத்துக்கு
ஆட்டத்தை மாற்றினார்கள்.
இருப்பது ஒரே பந்து, மற்றவை ஊறிப்போயின.
நான்காவது அடியில் அது மேலே போனது
போனதுதான்.

முதலில் ஒரு செருப்பு எறிந்தார்கள்.
செருப்பை எடுக்க இன்னொரு செருப்பு.
பிறகு தண்ணீர் பாட்டில்.
மூன்றையும் மரம் வாங்கி வைத்துக்கொண்டது.
"நீதான லைன்மேன், ஏறேன்யா,"
என்றார்கள் வழுக்கைத் தலைக்காரரை.
"கம்பம்னா ஏறுவேன். மரம் பழக்கமில்ல."
காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார்.
மரமேறத் தடை என்று பலகையைக் காட்டினார்,
காட்டிவிட்டு அவரே போய்த்
துறட்டி எடுத்துவந்தார்.
துறட்டி எட்டவில்லை.

எட்டுச் சுற்று, ஆறாயிரம் அடி, சர்க்கரை நூற்றுஎண்பது,
இரண்டு வருடமாய் இந்தப் பாதையில்
என் கைக்கடிகாரத்தைப் பார்த்தே நடந்தவள் நான்.
நின்றேன். எல்லாரும் பார்க்கிறார்களே என்று
நானும் அண்ணாந்து பார்த்தேன்.

மேலே ஒரு ஊரே இருந்தது.
சித்திரையில் அறுந்த காற்றாடியின் எலும்பு,
பழைய தேனடை, ஆள் காலி செய்த வீடு போல.
கிளையோடு கிளையாய் அசையாத ஆந்தை ஒன்று
எங்களை வெறுப்போடு பார்த்துக்கொண்டிருந்தது.
கவட்டில் எந்த வருஷத்தினதோ
இன்னொரு இறகுப்பந்து,
அதற்குள் யாரோ பஞ்சு வைத்துக்
குடித்தனம் நடத்திப் போயிருந்தார்கள்.

அப்போதுதான் கடல் பக்கமிருந்து காற்று வந்தது.
நான்கு நாள் மழையை
மரம் ஒரே மூச்சில் எங்கள் மேல் கொட்டியது.
பதினாலு பேரும் ஒரே குரலில் கத்தினோம்.
காவலாளியின் விசிலில் தண்ணீர் போய்
குருவி மாதிரி கீச்சிட்டது.
இலைகள் வந்தன, பாட்டில் வந்தது,
ஒரு செருப்பு வந்தது.
பந்து வரவில்லை.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை.
நனைந்தாயிற்று, இனி என்ன,
என்று அந்த அம்மாள் நீரூற்றின் விளிம்பில் உட்கார்ந்து
புடவையைப் பிழிந்தார்.
யாரோ ஃபிளாஸ்க்கைத் திறந்தார்கள்.
சர்க்கரை போட்ட காபி.
மூடியில் அரை மூடி குடித்தேன்,
டாக்டருக்குத் தெரிய வேண்டாம்.

லைன்மேனின் வழுக்கை மேல்
நகத்தளவு மஞ்சள் இலைகள், நிறைய.
கேட்டுவிட்டுத்தான் படம் எடுத்தேன்.
தலையைக் குனிந்து காட்டினார், பவ்யமாக.
அக்காவுக்கு அனுப்பினேன்:
'இங்கேயும்.'

அங்கே பின்னிரவு இரண்டரை.
தூங்காமல் என்ன செய்கிறாளோ, உடனே பதில்:
'யாருடி அது?'

திரும்பிப் போய்க் கேட்டேன்.
அந்துவான் என்றார்.