பதிவுப் புத்தகத்தில் ஏக்கநாயக்க

லொறி என்னுடையது.
காசு எண்ணிக் கொடுத்தது கம்பளையில், மழைக்குள்.
சந்தனமேரியின் சீட்டுக்காசு, இரண்டு வளையல்,
மச்சானிடம் கைமாற்று.
"ஓப்பன் பேப்பர் அண்ணே, பயப்பட ஒன்றுமில்லை"
என்றான் புரோக்கர்.
பயப்பட எனக்கு நேரமும் இல்லை.
இருட்டுமுன் றம்பொடை ஏற வேண்டும்.

ஏறினோம்.
இரண்டாம் கியரில் முனகி, முதலாம் கியரில் அழுது
சூட்டு ஊசி சிவப்பைத் தொட்டபோது நிறுத்தினேன்.
மேரி இறங்கிப் போய்
நீர்வீழ்ச்சிக்குக் கீழே சோடாப் போத்தலில்
தண்ணீர் பிடித்து வந்தாள்.
துணி போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன்.
ஆவியும் பனியும் கலந்து
கொஞ்ச நேரம் லொறியையே காணவில்லை.
"இதுக்கா என் வளையல்?"
பனிக்குள்ளிருந்து அவள் குரல் மட்டும்.

இடது கதவு ஒரே அடியில் மூடாது.
முதலில் மெதுவாக, பிறகு கோபமாக
இரண்டு தடவை அடிக்க வேண்டும்.
முன் கண்ணாடியில் சிங்களத்தில் 'புது சரணயி'.
மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும்
பாதிதான் போனது.
மீதிக்குப் பக்கத்தில் மேரி அந்தோனியாரை ஒட்டினாள்.
எலுமிச்சம்பழம் நான் கட்டியது.
பிரேக்கைக் கழற்றிப் பார்த்த ரம்சீன் நானா சொன்னார்:
"மூணு பேரும் வேணும்தான்."

இரவு பத்துக்குக் கந்தப்பளையில் லீக்ஸ் ஏற்றுவேன்,
கரட், சில நாள் கோவா.
தம்புள்ளையில் அதற்கு விலை இருக்கும்,
இல்லாமலும் போகும்.
டீசலுக்கு எப்போதும் இருக்கும்.

புசல்லாவையில் பொலிஸ் மறித்தது.
டோர்ச் வெளிச்சம் புத்தகத்தில் விழுந்தது,
பிறகு என் முகத்தில்.
"ஏக்கநாயக்க?"
"இல்லை மாத்தயா."
"அப்போ ஏக்கநாயக்க எங்கே?"
வீட்டில் தூங்குகிறார் என்றேன்.
அவர் செத்து நாலு வருஷம் என்பது
எனக்கு அப்போது தெரியாது.
லீக்ஸ் இரண்டு கட்டு இறங்கியது.

பெயர் மாற்றப் போன இடத்தில் கவுண்டர்காரர்
படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
கையொப்பம் சரியாம்.
போட்டவர்தான் இல்லையாம்.
மனைவியின் கடிதம் கொண்டு வரச் சொன்னார்,
மரணச் சான்றிதழின் பிரதியும்.

உலப்பனையில் வீடு தேடிப் போனது அதே லொறியில்தான்.
யாரையும் விசாரிக்கத் தேவைப்படவில்லை.
என்ஜின் சத்தம் கேட்டு
அந்த அம்மாவே வெளியே வந்துவிட்டார்,
விரலெல்லாம் தேங்காய்ப்பூ.
எங்கட எல்ஃப்தானே என்றார் சிங்களத்தில்,
லொறியைப் பார்த்து,
எங்களைப் பார்க்காமல்.

கடிதத்துக்குப் பத்தாயிரம் கேட்டார்.
மேரி ஐயாயிரம் என்றாள்.
தேத்தண்ணி வந்தது, சீனி தூக்கலாக.
எட்டாயிரத்தில் நின்றது.
எழுதும்போது புருஷன் பெயரில் ஓரெழுத்துப் பிசகியது.
வெட்டி, மேலே திருத்தி,
வெட்டிய இடத்திலும் ஒரு கையெழுத்து வைத்தார்.
பேனையை மூடியவர் மறுபடி திறந்து
பெயரை ஒருமுறை வாசித்துப் பார்த்தார்.

புறப்படும்போது மேரி கதவை இழுத்தாள்.
மூடவில்லை.
அந்த அம்மா வந்து வெளியிலிருந்து அடித்தார்,
முதலில் மெதுவாக.
நான் ரிவர்ஸ் எடுப்பதில் கவனமாக இருந்தேன்,
பின்னால் கிணறு.

மூன்று மாதத்தில் புதுப் புத்தகம் வந்தது.
சின்னையா சிவபெருமாள்.
அதன் கீழே தோட்டத்தின் பெயர், லயத்தின் இலக்கம்.
லயத்துக் காம்பராவுக்கு
எழுத்தென்று எதுவும் இருந்ததில்லை.
அதனால் இப்படியொரு கடதாசியை
எங்கே வைப்பதென்று இருவருக்குமே தெரியவில்லை.
அரிசி வாளிக்குள் ஒரு வாரம் இருந்தது.

நேற்றிரவு புசல்லாவையில் அதே டோர்ச்.
புத்தகத்தை நீட்டினேன்.
இந்த முறை அவன் அதைத் திறக்கக்கூட இல்லை.
கதவில் தட்டிச் சிரித்தான்.
"ஆ, ஏக்கநாயக்க! லீக்ஸா?"

ஆமா என்றேன்.